எலும்பு சொன்னதை மட்டும் சொன்னவர்

நண்பர்களே, அமெரிக்காவில் டைனோசர் ஆராய்ச்சியின் தொடக்க காலம் என்றால் பலரும் புதைபடிவ எலும்புகளுக்காகப் போட்டி போட்ட கோப், மார்ஷ் என்ற இரு ஆய்வாளர்களின் சண்டையைத்தான் சொல்வார்கள். சண்டைக் கதைக்கு எப்போதும் கூட்டம் சேரும். நான் பேச வந்தது அந்தச் சண்டையில் சேராமல் ஒதுங்கிப்போன ஜோசஃப் லெய்டியைப் பற்றி.

1823இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், உடற்கூறியல் பேராசிரியர். ஐரோப்பியர் கொண்டுவந்து இறக்கும்வரை அமெரிக்கா குதிரையையே கண்டதில்லை என்று எல்லோரும் நம்பிய காலம் அது. 1847இல் இவர் சில புதைபடிவப் பற்களை ஆராய்ந்து, அந்த மண்ணிலேயே பூர்வீகக் குதிரை இனம் வாழ்ந்து அழிந்திருக்கிறது என்று எழுதினார். பல்லைத் தவிர அவர் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்புறம் 1858. நியூ ஜெர்சியில் ஹாடன்ஃபீல்டு என்ற ஊர். அங்கே வயலுக்கு உரமாகப் போட மார்ல் என்ற மண்ணைத் தோண்டுவார்கள். ஒரு பண்ணையில் அப்படித் தோண்டியபோது பெரிய எலும்புகள் கிடைத்தன, வந்தவர் போனவர் எடுத்துப்போனார்கள் என்று வில்லியம் ஃபோக் என்ற புதைபடிவ ஆர்வலர் கேள்விப்படுகிறார். அது நடந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. அவர் விடவில்லை, ஆள் வைத்து மறுபடி தோண்டினார். வெளியே வந்த எலும்புகளை லெய்டி பார்த்தார். பின்னங்கால் எலும்புகள் பிரம்மாண்டம்; முன்னங்கால் அதற்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியது. லண்டனில் அப்போதுதான் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி, இகுவானோடான் என்ற டைனோசரைக் காண்டாமிருகம்போல நான்கு காலில் நிற்கவைத்துப் பெயர் வாங்கியிருந்தார். லெய்டி அந்தச் சிலையைப் பார்த்து எழுதவில்லை, காலை அளந்து எழுதினார்: இது பின்னங்காலையும் வாலையும் ஊன்றி, கங்காருபோல் நிமிர்ந்து நின்றிருக்கலாம். ஹாட்ரோசாரஸ் என்று பெயரும் வைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், 1868இல் அந்த எலும்புக்கூட்டை பிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் அகாதமியில் இரண்டு காலில் நிறுத்தியவர் அதே ஹாக்கின்ஸ்தான்! உலகிலேயே முதன்முதலாக நிறுத்திவைக்கப்பட்ட டைனோசர் எலும்புக்கூடு அது. தலை கிடைக்கவில்லை, பிளாஸ்டரில் செய்து ஒட்டினார்கள். வால் தரையில் கிடக்காது, உடலுக்கு நேராக நீட்டியிருக்கும் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். சரி, இருக்கட்டும். இரண்டு கால் என்று சொன்னதே அன்றைக்குப் பெரிய விஷயம்.

பெரிய கோட்பாடு எதையும் அவர் கட்டவில்லை. ஆனால் டார்வினின் பரிணாம நூல் வெளியான மறு ஆண்டே, 1860இல், அவரை அகாதமி உறுப்பினராக்க முன்நின்றவர் லெய்டி.

கோப் அவரிடம் பாடம் கேட்ட மாணவர். எலாஸ்மோசாரஸ் என்ற நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வனத்துக்குக் கோப் வால் நுனியில் தலையை வைத்துப் படமும் போட்டுவிட்டார். 1870இல் அகாதமிக் கூட்டத்திலேயே, தலை மறுமுனையில் இருக்கவேண்டும் என்று லெய்டி எடுத்துச் சொன்னார். கோப் அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற ஓடினார். சிஷ்யன் என்று லெய்டி பூசி மெழுகவில்லை. கேலி செய்ததாகவும் தெரியவில்லை.

அதுவரை மேற்கிலிருந்து ராணுவ மருத்துவர்களும் ஹேடன் போன்ற நில ஆய்வாளர்களும் அவருக்கு எலும்புகளைச் சும்மாவே அனுப்பிவந்தார்கள். பணக்காரர்களான கோப்பும் மார்ஷும் காசு கொடுத்து வாங்கத் தொடங்கியதும், சம்பளத்தில் வாழ்ந்த பேராசிரியர் என்ன செய்வார்? விலகிக்கொண்டார். குளத்து நீரில் வாழும் நுண்ணுயிர்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்து, 1879இல் பெரிய நூலாக வெளியிட்டார். அந்த நூல் அருமையானதுதான். ஆனாலும் அவர் எலும்புகளோடு இன்னும் பத்து ஆண்டு இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவசரத்தில் ஒரே விலங்குக்கு இரண்டு மூன்று பெயர் வைத்த அந்த இருவரின் வேலையைச் சரிபார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.