ஒவ்வொருத்தியா வராதீங்க

வணக்கம்ங்க. நவம்பர் 14-லேர்ந்து 20 வரைக்கும் கூட்டுறவு வார விழா, அதையொட்டி கூட்டுறவு சங்கத்துல பொம்பளைங்க பங்கு எப்படி இருக்கு, எப்படி இருக்கணும்னு ரேடியோவுல கொஞ்ச நேரம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. எனக்கு மைக்குக்கு முன்னாடி உக்காந்தாலே எங்க அப்பாயி ஞாபகம்தான் வருது. 1960கள்ல ஆடுதுறை 27-ன்னு ஒரு நெல்லு வந்துச்சு, தஞ்சாவூர் ஜில்லாவுல அதை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டவங்க கம்மி, ரேடியோ நெல்லுன்னுதான் சொல்வாங்க, ரேடியோவுல திரும்பத் திரும்பச் சொல்லியே பரவுன நெல்லு அது. ஆனா எங்க ஊர்ல ரேடியோ பெட்டி இருந்தது பஞ்சாயத்து போர்டு கட்டடத்துல, அதைச் சுத்தி உக்காந்தது பூரா ஆம்பளைங்க. அப்பாயி அந்த நெல்லைப் பத்தி கேட்டது நடவு வயல்ல. பக்கத்து ஊர்லேர்ந்து நடவுக்கு வந்த ஒரு பொம்பளை சொல்லி, அவளுக்கு அவ தங்கச்சி சொல்லி, அது அவ வாக்கப்பட்ட ஊர்ல விதைச்சிருந்தாங்களாம். எங்க தாத்தா ரேடியோ கேட்டுட்டு வந்து பெருமையா சொன்னப்ப அப்பாயி, எனக்கு போன வாரமே தெரியும்னு சொல்லிச்சாம்.

அதனால பொம்பளைங்களுக்கு நெட்வொர்க் இல்லைன்னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்புதான் வரும். நடவு ஆள் சேர்க்கிறது, சீட்டு புடிக்கிறது, யார் வீட்டுல நகை எந்த பேங்க்ல இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கிறது, இதெல்லாம் என்னவாம். அது சங்கத்து வாசப்படி வரைக்கும் வந்து அங்கயே நின்னு போயிடுது, அதுதான் கஷ்டம்.

நான் சொல்ற சங்கம் தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கம், ஊர்ல சொசைட்டின்னு சொல்றதுதான். பயிர்க்கடன், நகைக்கடன், யூரியா, பொட்டாஷ், நிறைய இடத்துல ரேஷன் கடையும் அதுதான் நடத்துது. இந்த நாட்டுல கூட்டுறவு கடன் சங்கத்துக்குன்னு சட்டம் வந்தது 1904-ல. இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஓட்டு. ரெண்டு வேலி, அதாவது பதிமூணு ஏக்கர் வச்சிருக்கிறவரா இருந்தாலும் மூணு மா, ஒரே ஏக்கர் வச்சிருக்கிறவளா இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான், எவ்வளவு பங்கு போட்டிருந்தாலும் சரி. வேற எங்கங்க இது இருக்கு நம்ம ஊர்ல? கோயில் திருவிழாவுல கூட வரி கட்டுற தலைக்கட்டுன்னா ஆம்பளை பேருதான் எழுதுவாங்க.

ஆனா அந்த ஓட்டு கையில வரணும்னா முழு உறுப்பினரா இருக்கணும். அப்படிச் சேரவும் பயிர்க்கடன் வாங்கவும் சிட்டா அடங்கல்னு நிலக் கணக்குத் தாள் வேணும், நிலம் இருந்தாத்தான் சிட்டா, நிலமோ வீட்டுக்காரர் பேர்ல, இல்லாட்டி மாமனார் பேர்லயே கிடக்கும், கோயில் நிலம் குத்தகைன்னா அதுவும் ஆம்பளை பேர்லதான். 1989-லயே தமிழ்நாட்டுல பொண்ணுக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்தாச்சு, அப்பறம் 2005-ல நாடு முழுக்க வந்துச்சு. வந்து என்ன, கல்யாணத்துக்கு செஞ்சாச்சுல்லன்னு சொல்லி, பங்கு வேணாம்னு எழுதுற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிடுறாங்க, நாமளும் அண்ணன் தம்பி உறவு போயிடுமேன்னு போட்டுடுறோம். நானும் போட்டவதான், அதனால யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல.

நகைக்கடனுக்குப் போற பொம்பளைங்கள இணை உறுப்பினரா சேர்த்துக்குவாங்க. ஒரு ரசீது குடுப்பாங்க, அதைப் பத்திரமா மஞ்சப்பையில வச்சிருப்போம், நாமளும் மெம்பர்தான்னு நெனச்சுக்கிட்டு இருப்போம். இணை உறுப்பினருக்கு ஓட்டு கிடையாதுங்க. எங்க பக்கம் காலனித் தெரு அக்காங்க பாதிப் பேருக்கு மேல இப்படித்தான், அவங்க நட்டு அறுத்த நெல்லுலதான் சங்கமே ஓடுது, உறுப்பினருங்க எல்லாரும் கூடுற மகாசபையில கை தூக்க அவங்களுக்கு உரிமை இல்ல. இப்ப கேக்குறவங்க வீட்டுல ரசீது இருந்தா எடுத்துப் பாருங்க, எந்த வகை உறுப்பினர்னு போட்டிருக்கும், போடலைன்னா செகரட்டரிகிட்ட கேளுங்க.

சரி, என் கதைக்கு வரேன். எங்க மாமியார் பேர்ல இருந்த நிலம் என் பேருக்கு மாறுனதால நான் முழு உறுப்பினர். நிர்வாகக் குழுவுல 30 சதவீதம் பொம்பளைங்களுக்கு ஒதுக்கீடு இருக்கு, 2018 தேர்தல்ல ஆள் வேணும்னு என்னை நிக்கச் சொன்னாங்க, போட்டி இல்லாம டைரக்டர் ஆயிட்டேன். மாலையெல்லாம் போட்டாங்க. அதுக்கப்பறம் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடல, கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னு எழுதுற மினிட் புக்குதான் வீட்டுக்கு வந்துச்சு. சங்கத்துலேர்ந்து ஒரு தம்பி சைக்கிள்ல கொண்டாருவான், நான் அடுப்படியில இருப்பேன், ஈரக்கையை முந்தானையில தொடச்சுட்டு அவன் விரல் வச்ச எடத்துல கையெழுத்து போட்டுட்டு காபி குடுத்து அனுப்புவேன். மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சது கிடையாது. நாலு மாசம் இப்படிப் போச்சு, இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

அந்த வருஷம் நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல். மன்னார்குடி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைன்னு எங்க பக்கம் பூரா தென்னை விழுந்து கிடந்ததை நேயர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எங்க தெருவுல 17 நாள் கரண்ட் இல்ல, வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டாந்து தண்ணி டேங்க் ஏத்துவாங்க, அதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் குடத்தோட நிப்போம். எங்க தெரு, மேலத்தெரு, காலனித்தெரு எல்லாரும் ஒரே வரிசை, வேற நாள்ல அப்படி நின்னிருப்போமாங்கறது தனிக்கதை. அங்க வச்சுதான் பேச்சு வந்துச்சு, சம்பாவுக்கு இன்சூரன்ஸ் கட்டுனியா, விவசாயி பங்கு நூத்துக்கு ஒண்ணரை ரூபா கடன்லயே புடிச்சுக்கிட்டாங்களே, ரசீது குடுத்தாங்களான்னு. ஒருத்தருக்கும் குடுக்கல. ஒரு அத்தாச்சி, எனக்குப் புடிச்சாங்களான்னே தெரியலடின்னுச்சு. அப்பறம் எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க, நீதான் டைரக்டராச்சே உனக்குத் தெரியாதான்னு. எனக்கு எங்கேர்ந்து தெரியும்.

திங்கக்கெழமை ஆறு பேரா சங்கத்துக்குப் போனோம். செகரட்டரி நல்ல மனுஷன்தான், கத்தல, சண்டை போடல. என்ன சொன்னாருன்னா, இப்படிக் கூட்டமா வந்தா நான் யாருக்குன்னு பதில் சொல்றதும்மா, ஒவ்வொருத்தரா வாங்கன்னாரு. நியாயமாத்தான் பட்டுச்சு, நாலு பேர் நகந்து வெளிய போகவும் கிளம்பிட்டாங்க. அந்த அத்தாச்சி மட்டும் அசையல. போர்டுல கூட்டுறவுன்னு எழுதி வச்சிருக்கீங்களே தம்பி, அப்பறம் என்ன ஒவ்வொருத்தரா, அப்படின்னுச்சு. அவரு சிரிச்சிட்டாரு, பெஞ்சை இழுத்துப் போட்டாரு, லிஸ்ட்டை எடுத்தாரு. ரெண்டு பேருக்கு சர்வே நம்பர் தப்பா ஏறியிருந்துச்சு. ஒருத்தருக்கு அலைஞ்சு அலைஞ்சு சரி பண்ணியாச்சு, இன்னொருத்தருக்கு கடைசி வரைக்கும் ஆகல, அது எங்க எல்லாருக்கும் இன்னும் மனசுல இருக்கு.

அன்னைக்கு வௌங்குனதுதான் நான் இன்னைக்கு சொல்ல வந்தது. ஒதுக்கீடு வேணும், பதவி வேணும், எல்லாம் சரி, ஆனா தனியா ஒருத்தியக் கொண்டு போயி பதினோரு நாற்காலியில ஒண்ணுல உக்கார வச்சா அவ மூச்சு கூட விட மாட்டா. அவளுக்குப் பின்னாடி அஞ்சு பேரு இருக்கணும், கூட்டத்துக்கு முன்னாடியே அவங்க பேசியிருக்கணும். இந்த டெல்டாவுலயே மணலூர் மணியம்மைன்னு ஒரு அம்மா இருந்தாங்க, புருஷன் இறந்தப்பறம் கிராப்பு வெட்டிக்கிட்டு வேட்டி கட்டிக்கிட்டு விவசாயக் கூலிகளுக்காக சேரி சேரியாப் போனவங்க, 1953-ல இறந்தாங்க. என் ஆபீசுக்கு வாங்க பேசுவோம்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா அவங்கள யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

நாங்க என்ன பண்ணுனோம்னா மகாசபைக்கு மொத நாள் சாயந்தரம் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில கூடுவோம். ஆண்டறிக்கைய பத்தாவது படிச்ச ஒரு பொண்ணு சத்தமாப் படிக்கும். அதுல இருக்கிற தமிழே வேற தமிழ்ங்க, தவணை தவறிய நிலுவைம்பாங்க, ஒப்பளிப்பும்பாங்க. ஓவர்டியூ, சாங்ஷன்னு சொன்னா எங்க தெருவுல கைநாட்டு வைக்கிறவங்களுக்கே புரியும். படிச்சு முடிச்சதும் ஆளுக்கு ஒரு கேள்வி, அதுக்கு மேல வேணாம். ஒரே ஆள் அஞ்சு கேள்வி கேட்டா வாயாடிம்பாங்க, அஞ்சு பேர் ஆளுக்கொண்ணு கேட்டா மினிட்ஸ்ல எழுதித்தான் ஆகணும். ஒரு தெரு ஆளுங்களே சேந்து உக்காராம கலந்து உக்காரணும்னு ஒரு ஏற்பாடும் வச்சோம், மொத வருஷம் அது சரியா நடக்கல, மறு வருஷம் கொஞ்சம் பரவால்ல.

நேரம் இன்னொரு தலைவலி. எங்க ஊர்ல மகாசபை செப்டம்பர் மாசம் பதினோரு மணிக்கு வைப்பாங்க. குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒண்ணா வர்ற மாசம், பதினோரு மணிக்கு எந்தப் பொம்பளை வயலை விட்டு ஏறுவா? நூறு நாள் வேலைக்குப் போயிருந்தா போட்டோ எடுக்கிற நேரத்துல இல்லாட்டி அன்னைக்குக் கூலி போச்சு. வரலைன்னதும் பொம்பளைங்களுக்கு ஆர்வம் இல்லைன்னு சொல்லிடுவாங்க. நாங்க மூணு மணிக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தோம், ரெண்டு வருஷம் கழிச்சு மாத்துனாங்க. சங்கத்துல நாலஞ்சு ஊரு சேந்திருக்கிறதால வந்து போற செலவும் ஒரு சாக்கா இருந்துச்சு, 2021 மே மாசத்துலேர்ந்து டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்லைன்னதும் அந்த சாக்கும் போச்சு. சொல்லப்போனா அந்த பஸ்லதான் பாதி மகாசபை நடக்குது இப்ப.

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம், அதுல குட்மார்னிங் பூப்படம்தான் அதிகம், இருந்தாலும் டிஏபி உரம் வந்திருக்குன்னு தகவல் அதுல வந்தா அரை மணி நேரத்துல சங்கத்துல க்யூ நிக்குது. மகளிர் தினத்துக்கு கோலப்போட்டி, மியூசிக்கல் சேர் வைக்கிறாங்க, வைக்கட்டும், நானும் ஒரு தடவை எவர்சில்வர் டப்பா ஜெயிச்சேன். ஆனா அதை போட்டோ எடுத்து மகளிர் பங்கேற்புன்னு பைல்ல சேக்குறதுதான் எனக்கு ஒப்பல.

நேரம் ஆயிடுச்சுன்னு கண்ணாடிக்கு அந்தாண்டேர்ந்து சைகை காட்டுறாங்க. நான் இப்ப டைரக்டர் இல்ல, பதவி முடிஞ்சிடுச்சு, ஆனா திண்ணையில கூடுறது நிக்கல. போன மகாசபைக்கு நாலு நாள் இருக்கறப்ப அதே செகரட்டரி போன் பண்ணுனாரு. என்னமோ ஏதோன்னு எடுத்தேன். அக்கா, பொம்பளைங்க எத்தனை பேரு வருவீங்க, போண்டாவுக்கு ஆர்டர் சொல்லணும், போன தடவை பத்தாமப் போச்சுன்னாரு.