மணல் மிக்சருக்கு ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் எதைத் தேடுவது?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வீட்டில் அலுமினியம் உருக்கிச் சின்னச் சின்ன பாகங்கள் வார்க்கிறேன். அச்சு எடுக்கிற மோல்டிங் மணலைக் காலால் மிதித்துக் கலக்கிக் கட்டுப்படியாகவில்லை. பவுண்டரியில் (வார்ப்பாலையில்) இருக்கிற மல்லர், அதாவது கனமான சக்கரத்தால் மணலை அழுத்திக் கலக்குகிற இயந்திரம் மாதிரி ஒரு மிக்சர் செய்ய ஆசை. கனமான வார்ப்பிரும்புச் சக்கரம் இரண்டு தேடுகிறேன், எந்த ஆக்கர் கடையிலும் அமையவில்லை. எங்கே போவது?"

படித்ததிலிருந்து இதே நினைப்புதான் எனக்கு. வீட்டில் உலை மூட்டுகிறவர்கள் பலரும் அடுப்பைப் பற்றியே கேட்பார்கள். மணலைக் கலக்குவதைப் பற்றி ஒருவர் கவலைப்படுகிறார் என்றாலே அவர் வார்ப்பு நன்றாக வரப்போகிறது என்று அர்த்தம்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் எங்கே ஆரம்பிப்பேன் என்று தெரியும். மணலும் பென்டோனைட் என்கிற களிமண்ணும் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் சுற்றினால் போதாது. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் களிமண் மெல்லிசாகப் பூசிப் பிடிக்க வேண்டும். கான்கிரீட் மிக்சரில் போட்டால் உருண்டு உருண்டு கட்டியாகிவிடும், பூச்சு வராது. பரோட்டா மாவை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறோமே, அந்த வேலையை மணலுக்குச் செய்வதுதான் மல்லரின் சக்கரம்.

சரி, இதை ஏன் திரும்பவும் சொல்கிறேன்? அழுத்தம்தான் வேலை செய்கிறது என்று புரிந்தால், சக்கரம் வார்ப்பிரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் போய்விடும். 25 செ.மீ. விட்டமுள்ள இரும்புப் பைப்பில் 12 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். நடுவில் அச்சுக்கு ஒரு சின்ன பைப்பை நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட் போடுங்கள். கான்கிரீட் மட்டுமே 14 கிலோ வரும். 200 லிட்டர் டிரம்மை வெட்டிச் செய்த தொட்டிக்கு அது போதும். டிரம்மின் அடித்தகடு மெலிசு, அதன் மேல் 5 மி.மீ. பிளேட் ஒன்று வெல்டிங் செய்துகொள்ள வேண்டும். சக்கரம் அந்தப் பிளேட்டைத் தொடவே கூடாது. சில மில்லிமீட்டர் இடைவெளியில் தொங்க வேண்டும், மணல் சேரும்போது தானாக மேலே ஏற வேண்டும். தொட்டால் மணல் துகளே உடைந்து பொடியாகிவிடும்.

டிரம்மை வெட்டுவதற்கு முன்னால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். தின்னரோ டீசலோ இருந்த டிரம்மில் நெருப்பு வைத்தால் வெடிக்கும். கேஸ் சிலிண்டர் பக்கமே போக வேண்டாம். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, வெட்டுவது உயிருக்கும் ஆபத்து.

குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் ரப்பர் ஷீட் அடிக்கிற பழைய ரோலர் கண்ணில் படும். நல்ல வார்ப்பிரும்பு, பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அந்த உருளையின் விட்டம் சிறிது. மணல் மேல் ஏறாமல் மணலை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அதன் ஓரத்தில் இருக்கிற பல்சக்கரங்களை மட்டும் கழற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தம்பி உண்மையில் தேட வேண்டியது மோட்டாரின் வேகத்தைக் குறைக்கிற கியர் பாக்ஸ். மோட்டார் 1440 சுற்று ஓடும், நமக்கு நிமிடத்துக்கு 35, 40 போதும். 40-க்கு 1 குறைக்கிற வார்ம் கியர் பாக்ஸ் (திருகு போன்ற அச்சு பல்சக்கரத்தைச் சுற்றுகிற வகை) கிடைத்தால் 36 சுற்று வரும். பெயர்த்தகடு இல்லாவிட்டாலும் கவலையில்லை. உள்ளே போகிற அச்சைக் கையால் சுற்றி, வெளி அச்சு ஒரு சுற்று முடிய எத்தனை என்று எண்ணுங்கள், அதுதான் விகிதம். ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். பொன் நிறத்தில் மினுமினுத்தால் உள்ளே வெண்கலச் சக்கரம் தேய்கிறது, வாங்காமல் வைத்துவிடுங்கள்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் படகிலிருந்து கழற்றிய சாமான் வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் நெடுநாள் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்து கிராபைட் மிச்சம் நிற்கும். உருவம் மாறியிருக்காது. கத்தி முனையால் சுரண்டினால் பென்சில் போலக் கறுப்பாக வரும். அதில் பாரம் ஏற்றக் கூடாது.

இனி, தம்பி கேட்காமல் விட்டதற்கு வருகிறேன். மிக்சரில் எந்த மணலைப் போடப்போகிறீர்கள்? கடல் பக்கத்தில் இருக்கிறது என்று கடற்கரை மணலை அள்ள வேண்டாம். உப்பும் சிப்பித்தூளும் இருக்கும். சூட்டில் சிப்பி வாயு விட்டு வார்ப்பில் ஓட்டை விழும். அதிலும் மணவாளக்குறிச்சிக் கரை வேறு விஷயம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். நம் ஊர்க் கயிற்றில் ஒட்டிப் போன மணல்! மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு உண்டு, அந்த மணலைத் தனியார் எடுக்க அனுமதி கிடையாது. அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் ஆலையில் பிரிக்கிற சிர்கான் என்ற கனிம மணல் பெரிய பவுண்டரிகளுக்குப் போகிறது. 2000 டிகிரிக்கு மேலும் தாங்கும், சூட்டில் விரிவதும் மிகக் குறைவு. 660 டிகிரியில் உருகுகிற அலுமினியத்துக்கு அது தேவையே இல்லை.

உப்பில்லாத, சலித்த, நைசான சிலிக்கா மணல் போதும். 100 கிலோவுக்கு 6 முதல் 8 கிலோ பென்டோனைட், 3 முதல் 4 லிட்டர் தண்ணீர். உலர்ந்த மணலும் களிமண்ணும் போடும்போது முகமூடி கட்டாயம், சிலிக்கா தூசி நுரையீரலை அரித்துவிடும். மூடி போட்டு ஓட்டுங்கள். பதம் பார்க்க வேண்டுமானால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அப்புறம் கையை விடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும், இரண்டாக உடைத்தால் விளிம்பு உதிராமல் உடைய வேண்டும். உதிர்ந்தால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும்.