கிழிந்தது எது?

அன்பானவர்களே, மனந்திரும்புதல் என்றதும் நமக்குக் கண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. எபிரெயத்தில் அதற்கு வருகிற சொல் 'ஷூவ்'. வெளியே போனவன் வீடு திரும்பினான் என்று சொல்லவும் அதே சொல்தான். அழுதானா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. கால் எந்தப் பக்கம் திரும்பியது என்றுதான் பார்க்கிறது.

யோசியா எட்டு வயதில் யூதாவுக்கு ராஜாவானவன். அவன் ஆட்சியின் 18-ஆம் வருஷத்தில், கி.மு. 622 வாக்கில், எருசலேம் ஆலயத்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. பிரதான ஆசாரியன் இல்க்கியாவின் கையில் நியாயப்பிரமாண புஸ்தகம் அகப்படுகிறது. சம்பிரதியாகிய, அதாவது ராஜாவின் எழுத்தரான சாப்பான் அதை அரண்மனைக்குக் கொண்டுபோகிறான். போனவன் முதலில் என்ன சொன்னான் தெரியுமா? பணத்தை வேலைக்காரர் கையில் கொடுத்தாயிற்று என்று கணக்கு ஒப்புவித்தான். அப்புறம்தான், 'இல்க்கியா ஒரு புஸ்தகம் கொடுத்தார்' என்றான். நம்முடைய கமிட்டிக் கூட்டங்களும் ஏறக்குறைய இப்படித்தானே! வாசிக்க வாசிக்க, ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான்.

தீர்க்கதரிசினி உல்தாளிடம் ஆள் போகிறது. அவள் பூசி மெழுகவில்லை. இந்த ஸ்தலத்துக்குத் தீங்கு வரத்தான் போகிறது. உன் இருதயம் இளகினபடியால் உன் கண் அதைக் காணாது, அவ்வளவே.

இந்த இடத்தில் நான் பலமுறை நின்றுவிட்டிருக்கிறேன். தீர்ப்பு மாறாது. தன் தலைக்கும் ஆபத்தில்லை. இனி எதற்கு மெனக்கெட வேண்டும்? அவன் பாட்டனைப் பெற்ற எசேக்கியாவுக்கும் இப்படி ஒரு செய்தி வந்தது. 'என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே' என்று அவன் ஆறுதல்பட்டுக்கொண்டான். யோசியாவோ ஜனங்களைக் கூட்டி, புஸ்தகத்தை அவர்கள் காதுகேட்க வாசித்து, உடன்படிக்கை பண்ணினான். ஆலயத்துக்குள் இருந்த தோப்பு விக்கிரகத்தைக் கீதரோன் ஆற்றோரம் கொண்டுபோய்ச் சுட்டெரித்து, தூளாக இடித்தான். லாபம் பார்க்காத திரும்புதல். முழு இருதயம், முழு ஆத்துமா, முழுப் பலம் என்று உபாகமம் கேட்கிற மூன்றையும் சேர்த்து வேதம் சொல்வது இவன் ஒருவனைப் பற்றித்தான். அப்படிப்பட்டவன் கி.மு. 609-இல் மெகிதோவில் எகிப்திய ராஜாவின் கையில் செத்தான். அதையும் வேதம் மறைக்கவில்லை.

இப்போது யோசியாவின் மகன், ராஜா யோயாக்கீம். ஒன்பதாம் மாதம், நல்ல குளிர். முன்னால் கணப்பு எரிகிறது. தீர்க்கதரிசி எரேமியா சொல்ல, அவனுடைய எழுத்தன் பாருக்கு என்பவன் எழுதிய சுருளை, யெகுதி என்பவன் ராஜாவுக்கு வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி முடிந்ததும், எழுத்தர் வைத்திருக்கிற சூரிக்கத்தியால் ராஜா அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி கத்தி. 'வேண்டாம் ராஜாவே' என்று கெஞ்சினவர்களில் ஒருவன் கெமரியா. சாப்பானின் மகன்! தகப்பனுக்கு வாசித்தவன் பிள்ளை, மகனிடம் மன்றாடுகிறான்.

எபிரெயத்தில் 'வாசித்தான்', 'கிழித்தான்' இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. கடைசி எழுத்துதான் வேறு. யோசியா வஸ்திரத்தைக் கிழித்ததற்கும், யோயாக்கீம் சுருளை அறுத்ததற்கும் ஒரே வினைச்சொல். 'ராஜாவும் ஊழியரும் தங்கள் வஸ்திரங்களைக் கிழிக்கவில்லை' என்று அடுத்த வசனத்திலேயே வேதம் குத்திக்காட்டுகிறது. 'உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழியுங்கள்' என்று யோவேல் தீர்க்கதரிசி சொல்வதும் அதே சொல்லில்தான்.

சுருள் முழுவதும் சாம்பலானது. எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுத்தான். எரிந்த வார்த்தை எல்லாவற்றையும் அவன் மறுபடி எழுதினான். கூடுதலாக இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்ந்தன.