அண்டை நாடுகளை இணைப்பவை பொது அமைப்புகளே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அண்டை நாடுகளை இணைப்பது தலைவர்களின் நல்லெண்ணமா, பொது அமைப்புகளா என்பது கேள்வி. நல்லெண்ணமே என்ற எதிரணியினர் பிரான்சையும் ஜெர்மனியையும் சான்றுக்கு அழைத்தார்கள். அந்தச் சாட்சியையே நானும் விசாரிக்கிறேன்.

அந்நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் பிரியானும் ஸ்திரேசமனும் 1926இன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். 1928இல் போரையே கைவிடுவதாகப் பாரிஸில் கையெழுத்தும் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஸ்திரேசமன் இறந்தார். 1940இல் ஜெர்மன் படை அதே பாரிஸுக்குள் நுழைந்தது. ஆள் போனதும் எண்ணமும் போனது, ஐயா!

1951இல் பிரான்சும் ஜெர்மனியும் உட்பட ஆறு நாடுகள் ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகத்தை அமைத்தன. அதை நடத்திய உயர் ஆணையத்தில் ஒன்பது பேர். ஒரே நாட்டவர் இருவருக்கு மேல் கூடாது; சொந்த அரசிடம் உத்தரவு வாங்கவும் கூடாது. பணத்துக்கு? அரசுகளிடம் சந்தா கேட்டு நிற்கவில்லை. நிலக்கரி, எஃகு நிறுவனங்களிடமே உற்பத்தி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மிகாமல் தீர்வை வசூலித்தது. ஒரு பிரதமர் கோபித்துக்கொண்டால் அலுவலகம் இருண்டுவிடாது! வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரின் மறுபயிற்சிக்கும் அந்த நிதியே உதவியது. ஆணையத்தின் முடிவு பிடிக்காத அரசோ நிறுவனமோ வழக்குப் போட நீதிமன்றமும் இருந்தது. சண்டை இருந்தது, அதற்கு ஓர் இடமும் இருந்தது.

தோல்வியும் உண்டு. 1959இல் நிலக்கரி தேங்கியபோது ஆணையம் உற்பத்தி வரம்பு விதிக்க முயன்றது. அதற்கு உறுப்பு நாடுகளின் அமைச்சர்களுடைய சம்மதம் வேண்டும்; கிடைக்கவில்லை. எங்கே அரசுகளின் இசைவை நம்பி நின்றதோ, அங்கேதான் வண்டி நின்றது.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான நம் சார்க்கைப் பாருங்கள். 1985இல் டாக்காவில் பிறந்தது. எல்லா முடிவுக்கும் ஒருமித்த சம்மதம் வேண்டும். இருதரப்புச் சச்சரவுகளைப் பேசவே கூடாது என்கிறது சாசனம். 2016 இஸ்லாமாபாத் உச்சி மாநாட்டுக்கு இந்தியாவும் வேறு சில நாடுகளும் வர மறுத்தன, மாநாடு நடக்கவில்லை. 2014 காத்மாண்டுதான் கடைசி. புன்னகைக்கும் கைகுலுக்கலுக்கும் அங்கே பஞ்சமில்லையே!

"நல்லெண்ணம் இல்லாமல் கையெழுத்து எப்படி வரும்?" என்று எதிரணித் தலைவி கேட்டார். பிரான்சின் எஃகு ஆலைகளுக்கு ஜெர்மனியின் சுரங்கப் பகுதியான ரூரின் நிலக்கரி வேண்டியிருந்தது. ரூர் மீதிருந்த சர்வதேசக் கட்டுப்பாட்டிலிருந்து ஜெர்மனி விடுபட வேண்டியிருந்தது. போர் முடிந்து ஆறே ஆண்டு. ஒருவரை ஒருவர் நம்பவில்லை. நம்பாததால்தான் அம்மா, தீர்வை விகிதம் வரை எழுதி வாங்கிக்கொண்டார்கள்!