குண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே மூன்று நாள்

அனைவருக்கும் வணக்கம்.

"பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு வாக்காளர்" என்று அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததும் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. பதில் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி இருப்பதுதான் காரணம். குண்டு வெடித்தால் சனங்கள் பயப்படுவார்கள், பயந்தவர்கள் கெடுபிடியான ஆளாகப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். டீக்கடையில் கேட்டாலும் இதையே சொல்வார்கள். அதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் நியூயார்க். 2001 செப்டம்பர் 11 அந்த ஊரில் வாக்குப்பதிவு நாள் என்பது இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மேயர் பதவிக்குக் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல். காலை 6 மணிக்கே சாவடிகளைத் திறந்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற வழியில் சிலர் ஓட்டும் போட்டுவிட்டார்கள். 8:46-க்கு முதல் விமானம் மோதியது. தேர்தலை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து 25-ஆம் தேதி முதலிலிருந்து நடத்தினார்கள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் அமெரிக்காவே வேறு நாடாகியிருந்தது. தாக்குதலுக்கு முன் கேலப் கருத்துக்கணிப்பில் ஜார்ஜ் புஷ்ஷை ஆதரித்தவர்கள் 51 சதவீதம். செப்டம்பர் முடிவதற்குள் 90. மனிதர் அதே மனிதர்தான். ஊர்ப் பஞ்சாயத்தில் ஆயிரம் சண்டை இருந்தாலும், வெளியூர்க்காரன் கை வைத்தால் எல்லோரும் தலைவர் பின்னால் போய் நிற்பார்களே, அது மாதிரி. ஆனால் அது நிற்காது. இவருடைய அப்பா புஷ்ஷுக்கு 1991 வளைகுடாப் போரின்போது 89 சதவீதம் இருந்தது. அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார்.

சரி, ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்கு வருவோம். நான் அதிக நேரம் நிற்கப்போவது அங்கேதான்.

2004 மார்ச் 11, வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நாடாளுமன்றத் தேர்தல். காலை 7:37-க்குத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் நான்கு புறநகர் ரயில்களில் பத்துக் குண்டுகள் வெடித்தன. அதோச்சா நம் சென்னை சென்ட்ரல் மாதிரிப் பெரிய நிலையம். அங்கே போகிற ரயிலில் அந்த நேரத்தில் யார் இருப்பார்கள்? வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 190-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மீட்க உள்ளே போனவர்கள் பிறகு திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு விஷயம்: இறந்தவர்களின் பையிலும் சட்டைப்பையிலும் செல்போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள், எடுக்க ஆளில்லை.

அப்போது ஆட்சியில் இருந்தது மக்கள் கட்சி. பிரதமர் அஸ்னார். அவர் மறுபடி நிற்கவில்லை, ரஹோயை வேட்பாளராக நிறுத்தியிருந்தார். எதிரில் சோசலிஸ்ட் கட்சியின் சபத்தேரோ. கணிப்புகளில் ஆளுங்கட்சிதான் முன்னிலை.

அரசு உடனே சொன்னது: செய்தது ஈட்டா. பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கேட்டு, பல பத்தாண்டுகளில் 800-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற இயக்கம். இங்கே நியாயமாகப் பேச வேண்டும். காலையில் அந்தச் சந்தேகம் அபத்தமானதல்ல. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான் 500 கிலோ வெடிமருந்தோடு ஈட்டாவின் வண்டி ஒன்று பிடிபட்டிருந்தது. அஸ்னாரே 1995-இல் ஈட்டாவின் கார் குண்டிலிருந்து தப்பியவர். எதிர்க்கட்சிக்காரர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆனால் மதியத்துக்குள் நிலவரம் மாறத் தொடங்கியது. ரயில்கள் கிளம்பி வந்த அல்கலா ஊரில் ஒரு வண்டி கிடைத்தது. அதில் வெடிப்பிகளும் குர்ஆன் ஓதும் ஒலிநாடா ஒன்றும் இருந்தன. அன்று இரவு, ரயிலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த உடைமைகளை ஒரு காவல் நிலையத்தில் வைத்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய பை, யாருடைய கோட்டு என்று ஒவ்வொன்றாக எழுதும் வேலை. ஒரு பையைத் திறந்தால் வெடிமருந்து, வயர், ஒரு செல்போன். வெடிக்காமல் போன குண்டு. அந்த போனின் சிம் அட்டையைப் பிடித்துக்கொண்டே போய், லவாபியெஸ் பகுதியில் போன் விற்ற கடைவரை போலீஸ் எட்டியது. சனிக்கிழமை ஐந்து பேர் கைது: மூன்று மொராக்கோக்காரர்கள், இரண்டு இந்தியர்கள். அந்த இந்தியர்கள் வியாபாரிகள், பிறகு விட்டுவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அரசு என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? வெளியுறவு அமைச்சர் எல்லாத் தூதர்களுக்கும் ஈட்டாதான் என்று சொல்லும்படி தகவல் அனுப்பினார். ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் ஈட்டாவின் பெயரையே போட்டு அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது. பிரதமரே பத்திரிகை ஆசிரியர்களுக்கு போன் போட்டார். உள்துறை அமைச்சர் அசேபெஸ் வெள்ளி, சனி இரண்டு நாளும் ஈட்டாவை விடவே இல்லை.

ஏன் இந்தப் பிடிவாதம்? கணக்கு எளிது. செய்தது ஈட்டா என்றால், ஈட்டாவிடம் கறாராக இருந்த அஸ்னார் கட்சிக்கு ஓட்டு. செய்தது அல்-கைதா வழிவந்தவர்கள் என்றால் கேள்வியே வேறு: இராக்குக்கு ஏன் படை அனுப்பினீர்கள்? அந்தப் போரை ஸ்பெயின் மக்களில் பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தார்கள். அதையும் மீறித்தான் 1,300 வீரர்கள் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாடு முழுக்க ஊர்வலம். சுமார் நான்கேகால் கோடிப் பேர் இருந்த நாட்டில் ஒரு கோடிக்கு மேல் தெருவில் நின்றார்கள். மாட்ரிட்டில் மழை. குடை பிடித்துக்கொண்டு துக்கத்துக்கு வந்த கூட்டம், நடுவில் ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்தது: "யார் செய்தது?" கோபமாக, திரும்பத் திரும்ப. அரசு ஏற்பாடு செய்த ஊர்வலத்திலேயே அரசைப் பார்த்துக் கேட்டார்கள்.

சனிக்கிழமை அங்கே பிரசாரத்துக்குத் தடை. யோசிக்கும் நாள் என்றே அதற்குப் பெயர். அன்றைக்கு ஒரு குறுஞ்செய்தி கிளம்பியது. ஆளுங்கட்சி அலுவலகத்துக்கு முன்னால் கூடுவோம், உண்மையைக் கேட்போம். கடைசிச் சொல் 'பாசலோ'. அடுத்தவருக்கு அனுப்பு என்று அர்த்தம். வாட்ஸ்அப் எல்லாம் வராத காலம், ஒவ்வொரு செய்திக்கும் காசு. அப்படியும் ஆயிரக்கணக்கில் கூடிவிட்டார்கள். அன்று இரவு அரசுத் தொலைக்காட்சியில் போடுவதாக இருந்த படத்தை எடுத்துவிட்டு, ஈட்டா செய்த கொலை ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்தைப் போட்டார்கள். இந்த இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஞாயிறு முடிவு என்ன? சோசலிஸ்ட் 164 இடம், மக்கள் கட்சி 148. முந்தைய சபையில் மக்கள் கட்சிக்கு 183 இருந்தது. எண்ணிக்கையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2000 தேர்தலோடு ஒப்பிட்டால் மக்கள் கட்சி இழந்தது சுமார் ஐந்தரை லட்சம் ஓட்டு. சோசலிஸ்ட் கூட்டிக்கொண்டதோ முப்பது லட்சத்துக்கும் மேல். வாக்குப்பதிவு 68.7 சதவீதத்திலிருந்து 75.7-க்கு ஏறியது. அதாவது ஆளுங்கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வழக்கமாக வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் கிளம்பி வந்தார்கள்.

இதைப் பார்த்து அமெரிக்காவில் பலர், ஸ்பெயின் பயந்து பணிந்துவிட்டது என்று எழுதினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. படையைத் திரும்ப அழைப்பேன் என்று சபத்தேரோ சொன்னது குண்டு வெடிப்பதற்குப் பல மாதம் முன்னால். ஜெயித்ததும் சொன்னதைச் செய்தார். பயந்த சனம் மழையில் நின்று மந்திரியைப் பார்த்துக் கேள்வி கேட்காது.

ஆனால் எனக்குச் சங்கடமான ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வாழும் ஸ்பெயின்காரர்கள் குண்டு வெடிப்பதற்கு முன்பே தபாலில் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஓட்டுகளை மற்ற ஓட்டுகளோடு ஒப்பிட்டு ஒரு பொருளாதார ஆய்வாளர் கணக்குப் போட்டார். தாக்குதல் இல்லாவிட்டால் ஆளுங்கட்சியே ஜெயித்திருக்கும் என்றுதான் விடை வந்தது. ஆக, குண்டு வைத்தவர்கள் ஒரு நாட்டின் முடிவை மாற்றினார்கள் என்பதை மறுக்க முடியாது. எந்த வழியாக மாற்றினார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு. மூன்று நாள் அரசு பேசிய பேச்சு நடுவில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது.

நம் பக்கம் வந்தால், 2008 நவம்பர் 29. மும்பை தாஜ் ஓட்டலில் கடைசித் துப்பாக்கிச் சத்தம் அடங்கியது அன்று காலை. அதே நாளில் டெல்லி சட்டமன்றத்துக்கு வாக்குப்பதிவு. பத்திரிகைகளில் எதிர்க்கட்சி ரத்தக்கறை தெறித்த விளம்பரம் கொடுத்திருந்தது. ஆளும் காங்கிரஸ் தோற்கும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஷீலா தீட்சித் 70-இல் 43 இடம் பிடித்து மூன்றாம் முறையாக முதல்வரானார். டெல்லிக்காரர் மும்பைக்காக அழுதார், ஓட்டை டெல்லிக்காகப் போட்டார். மத்தியில் உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் மறுநாளே பதவி விலகியதும் கொஞ்சம் சூட்டைத் தணித்திருக்கலாம். அந்த நாற்காலிக்கு வந்தவர் நம் ப. சிதம்பரம்.

கோவையில் நேர்மாறாக நடந்தது. 1998 பிப்ரவரி 14, அத்வானி பிரசாரத்துக்கு வரும் நாளில் தொடர் குண்டுவெடிப்பு, 58 பேர் பலி. சில நாளிலேயே தேர்தல். 1996-இல் 39 தொகுதியையும் அள்ளிய தி.மு.க. - த.மா.கா. அணிக்கு ஒன்பதுதான் மிஞ்சியது. மாநிலத்தை ஆண்டது தி.மு.க., குண்டு வெடித்ததும் அவர்கள் ஊரில். அந்தக் கணக்கு தீர்க்கப்பட்டது. இலங்கையிலும் அப்படித்தான். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்கு முன் எச்சரிக்கை வந்தும் அரசு தூங்கியது. ஏழு மாதத்தில் கோத்தபய ராஜபக்ச பாதுகாப்பு என்ற ஒரே பேச்சில் ஜெயித்தார். வடக்கும் கிழக்கும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. மூன்றாண்டுக்குள், ஓட்டுப் போட்டவர்களே அவரைத் துரத்திவிட்டார்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. என் முதல் ஓட்டு 1991 ஜூன் 15. எனக்கு 19 வயது. மே 20 அன்று நாட்டின் ஒரு பகுதி ஓட்டுப் போட்டுவிட்டது. மறுநாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. மிச்சத் தேர்தலை ஜூனுக்குத் தள்ளினார்கள், தமிழ்நாடு முழுக்க அந்த மிச்சத்தில்தான் இருந்தது. எங்கள் ஊர் காஞ்சிபுரம் பக்கம். தி.மு.க. கொடிக்கம்பம் இருந்த இடத்தில் வெறும் மேடைதான் நின்றது. பள்ளிக்கூட வரிசையில் யாரும் பேசவில்லை. எனக்கு முன்னால் எதிர்வீட்டுப் பெரியம்மா. அண்ணா காலத்திலிருந்து சூரியனைத் தவிர வேறு சின்னத்தில் முத்திரை குத்தாதவர். சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் மெல்ல, "இந்த ஒரு தடவ கலைஞர் கோச்சுக்க மாட்டாருப்பா" என்றார். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. - காங்கிரஸ் அணி 234-இல் 225 இடம் பிடித்தது. 1996-இல் பெரியம்மா மறுபடி சூரியனுக்கே போய்விட்டார்.

வாக்காளர் இப்படித் திரும்பி வந்துவிடுகிறார். அரசாங்கங்கள் அந்த நேரத்தில் எழுதுகிற சட்டம்தான் அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை.

மாட்ரிட்டுக்கு இருந்த அதே மூன்று நாள்தான் வாஷிங்டனுக்கும் இருந்தது. 2001 செப்டம்பர் 14-ஆம் தேதியே, படை பலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் கொடுத்து பிரதிநிதிகள் சபை வாக்களித்தது. ஆதரவு 420, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒருவர் கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. கொலை மிரட்டல் வந்து அவருக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. அடுத்து வந்த அதிபர்களும் அதே தீர்மானத்தைக் காட்டியே பல நாடுகளில் சண்டை போட்டார்கள். இங்கே நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, 2002 மார்ச்சில் இரு அவைகளையும் ஒன்றாகக் கூட்டிப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவை நிறைவேற்றினார்கள். அதே ஜூலையில், ஒரு மேடைப் பேச்சுக்காக வைகோ அந்தச் சட்டத்தில் உள்ளே போனார். சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது! 2004-இல் பொடாவை ரத்து செய்தார்கள். அதன் பிரிவுகள் பல வேறொரு சட்டத்துக்குள் குடியேறிக்கொண்டன.

நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சட்டம் இலங்கையுடையது. 1979-இல், மூன்றாண்டுக்கு மட்டும் என்று சொல்லிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1982-இல் நிரந்தரமாக்கினார்கள். அதில் எத்தனை தமிழ் இளைஞர்கள் விசாரணை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள் என்பதை இந்த அரங்கில் நான் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்டருக்குப் பிறகு அதே சட்டம் முஸ்லிம்கள்மீது பாய்ந்தது. 2022-இல் திருத்தம் கொண்டுவந்தபோதும் பெயரை யாரும் தொடவில்லை. முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள்: பயங்கரவாதத் தடுப்பு, தற்காலிக ஏற்பாடுகள் சட்டம்.