மனிதனை மீட்பது கிருபையே

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியினரே, சபையாரே, எல்லோருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். 'மனிதன் இரட்சிக்கப்படுவது கிருபையாலா, நற்கிரியையாலா?' என்பது தலைப்பு. கிருபையால்தான், அதாவது தகுதியில்லாதவனுக்கும் தேவன் இலவசமாய்க் காட்டுகிற தயவால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் வேதாகமத்தில் உள்ள யாக்கோபு நிருபத்தைக் கையில் எடுத்தார். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று அடித்துச் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். ஐயா, அந்த வசனத்தை எங்கள் அணி மறுக்கவே இல்லை. கிரியை வேண்டும். ஆனால் எது முதலில் வருகிறது? வழக்கே அதில்தான் இருக்கிறது.

லூக்கா 19-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எரிகோ ஊர். சகேயு வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான், ஊருக்குப் பிடிக்காத ஆள். குள்ளனானபடியால் காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு அண்ணாந்து பார்க்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். அந்த நிமிஷம்வரை சகேயு யாருக்காவது ஒரு காசு திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறதா? யாரிடமாவது மன்னிப்புக் கேட்டதாக இருக்கிறதா? இல்லை. பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று ஊரே முறுமுறுக்கிறது. அப்புறம்தான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, கொடுக்கிறேன் என்கிறான். அந்த மனசு அவனுக்கு எங்கிருந்து வந்தது? வீடு தேடி வந்தவரால் வந்தது.

"இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதானே?" என்று அடுத்துப் பேசப்போகிற அக்கா கேட்கலாம். கேட்கட்டும். ஆனால் அந்தப் பேச்சை இயேசு எப்படி முடிக்கிறார்? இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே மனுஷகுமாரன் வந்திருக்கிறார் என்று தம்மைப் பற்றியே சொல்லி முடிக்கிறார். தேடினவர் அவர், கண்டெடுக்கப்பட்டவன் சகேயு.

எதிரணி வைத்த இன்னொரு வாதம் கனமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஜான் நியூட்டனைப் பற்றிச் சொன்னார்கள். 1748-இல் கடலில் புயலில் சிக்கி தேவனைக் கூப்பிட்டவர். பிற்காலத்தில் கிருபையைப் பற்றி உலகமே பாடுகிற பாட்டை எழுதியவர். அப்படிப்பட்டவர் அந்தப் புயலுக்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பலில் போனாரே, கிருபை என்ன செய்தது என்று கேட்டார்கள். அது கொடிய பாவம், அதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை. 1788-இல், ஊர் மதிக்கிற போதகராக இருந்தபோதே, அந்த வியாபாரத்தில் தான் செய்ததையும் கண்டதையும் அச்சிட்டு வெளியிட்டார். பாராளுமன்றக் குழுவின் முன்னால் போய்ச் சாட்சியும் சொன்னார். 1807-இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது, அதே வருஷக் கடைசியில் அவர் கண்ணை மூடினார். சொந்த நற்பெயரை வைத்து மோட்சம் போக நினைக்கிறவன் அந்த நற்பெயரைத் தானே கிழிப்பானா? கிழித்தால் அவன் கையில் மிஞ்சுவது என்ன? மன்னிப்பை நம்பினவனுக்குத்தான் அந்தத் தைரியம் வரும். மாற்றம் மெதுவாக வந்தது, வலிக்கிற அளவுக்கு மெதுவாக. ஆனாலும் வந்தது.

மனிதன் முயன்றால் பாவமில்லாமல் வாழ முடியும் என்று பழங்காலச் சபையில் பெலாகியுஸ் என்ற போதகர் போதித்தார். பிஷப் அகஸ்டின் மறுத்தார், 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய பிஷப்புகளின் சங்கமும் மறுத்தது. ஏன்? விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுலே அழுதிருக்கிறார், ரோமர் 7-இல். அப்போஸ்தலன் கதியே அப்படியென்றால், படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒரு பாட்டியிடம் போய், "இன்னும் நாலு நல்ல காரியம் செய்யுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று சொல்ல எந்தப் போதகருக்கு மனசு வரும்? எனக்கு வராது.

கடைசியாக ஒரு கேள்வி, அக்கா பதில் சொல்லட்டும். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளன், "அடியேனை நினைத்தருளும்" என்றான். இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று அவனுக்குப் பதில் கிடைத்தது. அவனுக்கு ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, திருடினதைத் திருப்பிக் கொடுக்க இறங்கி வரவும் வழியில்லை. எந்தக் கிரியையின் கணக்கில் அவன் உள்ளே போனான்? நன்றி, வணக்கம்.