மூடியைத் திறக்கச் சொன்னவரே பொறுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

வேலையிடப் பாதுகாப்பு என்றாலே பட்டாசு ஆலை, பாய்லர், கட்டடச் சாரம் என்றுதான் பேச்சு போகும். அங்கெல்லாம் முதலாளி யார் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று நான் பேசப்போகும் வேலையில் முதலாளி நீங்களாகவே இருக்கலாம். வீட்டில் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. ஆளைக் கூப்பிட்டு, கூலி பேசி, மூடியைத் திறக்கச் சொல்கிறீர்கள். அந்த நிமிடத்திலிருந்து அவர் உயிருக்கு நீங்கள் பொறுப்பு. அடுக்குமாடிச் சங்கம், ஓட்டல், கல்யாண மண்டபம் நடத்துகிறவர்களுக்கும் இதேதான்.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஆளைக் கொல்வதில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘வாசம் போயிருச்சு, இனி பயமில்லை’ என்று உள்ளே இருப்பவர் நினைப்பது அப்போதுதான். 700, 1000 என்று ஏறினால் ஓரிரு மூச்சிலேயே சுருண்டு விழுந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

மூடியைத் திறந்து அரைமணி நேரம் காத்தாட விட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். போதாது. வாயு கசடுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. இறங்கியவர் கம்பியால் கலக்கியதும், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குபீரென்று வெளியே வரும். முகத்தில் கட்டிய துண்டும் கடையில் வாங்கிய மாஸ்க்கும் அதைத் தடுக்காது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அதைவிட ஆபத்து, உள்ளே மீத்தேனும் இருக்கும்.

புதிதாகக் கட்டிய, ஒரு சொட்டுக் கழிவும் விழாத தொட்டியிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மூடிய தொட்டிக்குள் ஈரத்தில் ஊறி மக்கும் சென்ட்ரிங் பலகை, அதாவது கான்கிரீட்டைத் தாங்க அடித்த பலகை, ஆக்சிஜனைக் குறைத்துவிடும். பலகை பிரிக்க இறங்குகிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இதை யாரும் சொல்வதில்லை.

அப்புறம், இரண்டாவது ஆள். முதலில் இறங்கியவர் விழுந்ததும் தம்பியோ மகனோ கூட வேலை செய்பவரோ பதறிக் குதிக்கிறார். மூடிய இடங்களில் நடக்கும் சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986லேயே எச்சரித்தது. தயவுசெய்து யாரையும் இறங்க விடாதீர்கள். 101க்கும் 108க்கும் அழையுங்கள். மூச்சுக்கருவி தீயணைப்பு வீரர்களிடம்தான் இருக்கிறது.

சரி, கழிவை உறிஞ்ச லாரிதான் வருகிறதே, ஆள் ஏன் இறங்குகிறார்? லாரி தண்ணீரைத்தான் உறிஞ்சும், அடியில் இறுகின கசடு வராது, ஓர் ஆள் இறங்கிக் கலக்கிவிட்டால் சுத்தமாகப் போய்விடும் என்கிறார்கள். பத்து, பதினைந்து வருடம் திறக்காமல் விட்டால் இறுகத்தான் செய்யும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் ஹோஸ் மட்டுமே போதும். இறுகியிருந்தாலும் வெளியே நின்று தண்ணீரைப் பீய்ச்சிக் கரைக்கலாம். நேரம் பிடிக்கும், கூடுதலாக ஒரு நடை லாரிக்குக் காசு ஆகும். அந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு மனிதரை இறக்குகிறோம். லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்புக் கருவிகள் தராமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது குற்றம். நேரடியாகக் கூப்பிட்டாலும் சரி, மேஸ்திரி மூலம் கூப்பிட்டாலும் சரி. முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். ‘அவராத்தான் இறங்கினார்’ என்பது பதிலாகாது. வீட்டில் அரிசி இல்லாதவர் எந்த வேலைக்கு மாட்டேன் என்பார்?

இப்படிச் செத்தவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்கள். இந்தச் சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்பதாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கணக்கு கொடுத்திருக்கிறது. எனக்கு இது பெரிய அவமானமாகப் படுகிறது.

கடைசியாக, இப்படி ஆளை இழந்த குடும்பம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பிணவறை வாசலிலேயே பேரம் தொடங்கிவிடும். ‘போன உயிர் திரும்பவா வரப்போகுது’ என்று சொல்லிக் கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் ‘தவறி விழுந்தார்’ என்று எழுத விடாதீர்கள். யார் கூப்பிட்டார்கள், என்ன வேலைக்காக இறங்கினார் என்பது அதில் இருக்க வேண்டும். அதன் நகலோடும் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடும் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள்.

வணக்கம்.